கடவுள் என்ற கருத்தே கடவுளுக்குச் சாட்சியா? இருப்பியல் வாதம்: ஓர் எளிய அறிமுகம்

கடவுள் உண்டு என்று நிறுவ வந்தவர்களில் பெரும்பாலோர் உலகத்தைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். பானை இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வது அந்த வழி. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமும் அந்த வழியில்தான் போகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே இதை நடத்துபவன் ஒருவன் உண்டு. கண்ட ஒன்றிலிருந்து கிளம்பி, காணாத ஒன்றைச் சென்று சேரும் வாதம் இது.

இந்தக் கட்டுரை பேசப்போவது வேறொரு வாதத்தை. அது உலகத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. 'கடவுள்' என்றால் என்ன என்று மட்டும் சரியாக யோசித்துப் பார், அவர் இருக்கிறார் என்பது அந்த யோசனைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்கிறது. சதுரமான வட்டம் கிடையாது என்று தெரிந்துகொள்ள யாரும் ஊர் ஊராகத் தேடிப் போவதில்லை. வட்டம் என்றால் என்ன, சதுரம் என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். கடவுள் விஷயத்திலும் அப்படித்தான், அவர் உண்டு என்று காட்ட வரையறையே போதும் என்பதுதான் இந்த வாதத்தின் துணிச்சல். தத்துவத்தில் இதை இருப்பியல் வாதம் என்பார்கள்.

நான் இருப்பது மொரீசியஸில், ரோஸ் ஹில்லில். இங்கே ஒரே தமிழ்க் குடும்பத்தில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயில் போகிறவரும் இருப்பது சாதாரணம். செப்டம்பரில் சாந்த் குரோவாவில் இருக்கும் பேர் லவால் பாதிரியாரின் கல்லறைக்குப் போகிற கூட்டத்தில் இந்துக்களும் இருப்பார்கள். அதனால் கடவுளைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள்ளேயே பல பக்கமிருந்தும் வரும். என் அண்ணன் மகள் படித்தது பிரெஞ்சுப் பாடத்திட்டப் பள்ளியில். கடைசி வருடம் தத்துவம் கட்டாயப் பாடம். இந்த வாதத்தைப் பற்றிப் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்த் எழுதியதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். “சித்தப்பா, இதுல எங்கேயோ தப்பு இருக்கு. ஆனா எந்த வரியில இருக்குன்னு என்னால கை வெச்சுக் காட்ட முடியல” என்றாள்.

இந்த வாதத்தின் வரலாறே அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. கேட்ட உடனே தப்பு என்று தோன்றும். எந்த வரியில் என்று காட்டச் சொன்னால் பெரிய பெரிய மேதைகளே ஆளுக்கொரு வரியைக் காட்டியிருக்கிறார்கள். 900 ஆண்டுகளுக்கு மேல் இது உயிரோடு இருப்பது அதனால்தான். நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இருவருமே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதும் அதனால்தான். ஒரு பொருள் 'இருக்கிறது' என்று சொல்லும்போது நாம் உண்மையில் என்ன சொல்கிறோம் என்ற கேள்வியை இந்த அளவுக்குக் கூர்மையாகக் கேட்க வைத்த வாதம் வேறு இல்லை.

அன்செல்ம் சொன்னது

அன்செல்ம் 1033-இல் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் உள்ள ஆவோஸ்தா நகரில் பிறந்தவர். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பெக் என்ற மடத்தில் துறவியானார். பின்னாளில், 1093-இல், இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராயர் ஆனார். மடத்தில் இருந்த காலத்தில், 1077, 1078 வாக்கில், 'புரோஸ்லோகியோன்' என்ற சிறு நூலை எழுதினார். அதற்கு முன் எழுதிய நூலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல வாதங்கள் இருந்தன. அது அவருக்கு நிறைவு தரவில்லை. வேறு எதையும் துணைக்கு அழைக்காத ஒரே ஒரு வாதம் வேண்டும் என்று தேடினார். அந்தத் தேடலில் சாப்பாடும் தூக்கமும் போயின என்று அவருடைய வரலாற்றை எழுதிய சீடர் ஏட்மர் சொல்கிறார். ஒரு நாள் இரவு வழிபாட்டின்போது விடை கிடைத்தது. அதை மெழுகுப் பலகைகளில் எழுதி ஒரு துறவியிடம் கொடுத்து வைத்தார். பலகைகள் காணாமல் போயின. மறுபடி எழுதினார், அவை உடைந்து, மெழுகு சிதறித் தரையில் கிடந்தன. சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்து, தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னார். இன்று நம்மிடம் இருப்பது அப்படித் தப்பிப் பிழைத்த எழுத்து.

அந்த நூல் கடவுளை நோக்கிய பிரார்த்தனையாக எழுதப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நாத்திகரை மடக்க எழுதிய துண்டறிக்கை என்று இதை நினைப்பவர்கள் உண்டு. எழுதியவர் ஏற்கெனவே முழு நம்பிக்கை உள்ளவர். நம்புவதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய தவிப்பு.

இனி வாதம். அன்செல்ம் ஒரு வரையறையோடு தொடங்குகிறார்: எதைக் காட்டிலும் மேலான ஒன்றை நினைத்துப் பார்க்கவே முடியாதோ, அதுவே கடவுள்.

இந்த வாசகத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். 'தனக்குவமை இல்லாதான்' என்று குறள் சொல்லும். ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவன் என்று நாமும் சொல்வோம். அவை, இருப்பவற்றில் அவனுக்கு நிகர் எதுவும் இல்லை என்று சொல்கின்றன. அன்செல்ம் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இருப்பவற்றில் மட்டுமல்ல, நினைக்கக்கூடியவற்றிலும் அதற்கு மேல் ஒன்று கிடையாது. வாதம் முழுவதும் இந்த 'நினைக்கக்கூடிய' என்ற இடத்தில்தான் காலை ஊன்றி நிற்கிறது.

விவிலியத்தின் திருப்பாடல் ஒன்று, கடவுள் இல்லை என்று தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்ளும் அறிவிலியைப் பற்றிப் பேசுகிறது. அன்செல்ம் அந்த ஆளையே எதிரில் உட்கார வைத்துக்கொள்கிறார். அவனும் இந்த வரையறையைக் கேட்கிறான். கேட்டுப் புரிந்துகொள்கிறான். புரிந்ததால்தானே 'அப்படி ஒன்று இல்லை' என்று மறுக்கிறான்? சரி, அப்படியானால் அந்தப் பொருள் குறைந்தபட்சம் அவன் சிந்தனையிலாவது இருக்கிறது. ஓவியன் வரைவதற்கு முன்னால் அவன் மனத்தில் ஓவியம் இருப்பது போல என்கிறார் அன்செல்ம்.

அடுத்த படி. அது அவன் சிந்தனையில் மட்டும் இருக்கிறது, வெளியே நிஜத்தில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது, அதையே நிஜத்திலும் இருப்பதாக நினைத்துப் பார்க்கலாம் அல்லவா? மனத்தில் மட்டும் இருப்பதைவிட நிஜத்திலும் இருப்பது மேலானது. ஆக, நாம் முதலில் நினைத்ததைவிட மேலான ஒன்றை இப்போது நினைத்துவிட்டோம். ஆனால் முதலில் நினைத்தது எது? எதைவிட மேலானதை நினைக்கவே முடியாதோ, அது. அதைவிட மேலானதை நினைத்துவிட்டோம் என்பது அப்பட்டமான முரண். முரண் வந்ததற்குக் காரணம், அது சிந்தனையில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டது. ஆகவே அந்த நினைப்பு தவறு. அது நிஜத்திலும் இருக்கிறது.

அவ்வளவுதான். இரண்டாவது முறை படித்தாலும் ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் தெரியும்.

கௌனிலோவின் தீவு

அன்செல்மின் காலத்திலேயே ஒரு துறவி இதை எதிர்த்து எழுதினார். பிரான்சில் மார்முத்தியே மடத்தைச் சேர்ந்த கௌனிலோ. அவரும் கடவுளை முழுதாக நம்பியவர். ஆனாலும் 'அறிவிலியின் சார்பாக' என்று தலைப்பிட்டு, அந்தத் திருப்பாடல் ஆளுக்காக வழக்காட வந்தார். தன் பக்கத்து முடிவுக்குச் சாதகமான வாதம் என்பதற்காக ஓட்டை வாதத்தை விட்டுவிடக் கூடாது என்ற அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அன்செல்மும் அதற்குக் குறைந்தவர் இல்லை. கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் நூலோடு சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கௌனிலோ காட்டிய உதாரணம் ஒரு தீவு. கடலில் எங்கோ தொலைந்துபோன தீவு, எந்தத் தீவைக் காட்டிலும் வளமும் இன்பமும் மிகுந்தது என்று யாரோ சொல்கிறார்கள். எனக்குப் புரிகிறது. புரிவதால் அது என் சிந்தனையில் இருக்கிறது. இப்போது தீவைப் பற்றிச் சொன்னவரே மேலும் சொல்கிறார்: நிஜத்தில் இருப்பது மனத்தில் மட்டும் இருப்பதைவிட மேலானது, அந்தத் தீவு நிஜத்தில் இல்லையென்றால், நிஜத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சாதாரணத் தீவு அதைவிட மேலாகிவிடும், ஆகவே அந்த மிகச் சிறந்த தீவு கண்டிப்பாக இருக்கிறது. இப்படிச் சொல்பவர் வேடிக்கை செய்கிறார் என்றுதான் நினைப்பேன், அல்லது அவர் பெரிய முட்டாளா, இதை நம்பினால் நான் பெரிய முட்டாளா என்று தெரியாமல் விழிப்பேன் என்கிறார் கௌனிலோ.

தீவில் வாழும் எங்களுக்கு இந்த உதாரணம் கொஞ்சம் கூடுதலாகவே பேசும். எங்கள் மஸ்கரீன் தீவுகளுக்கு அருகே, 17, 18-ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் ஹுவான் தெ லிஸ்போவா என்று ஒரு தீவு குறிக்கப்பட்டிருந்தது. பெயர் இருந்தது, வரைபடத்தில் இடம் இருந்தது. கடலில் அப்படி ஒரு தீவு இல்லை. அது இல்லை என்று எப்படித் தெரிந்தது? கப்பல்கள் போய்ப் பார்த்ததால். வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது.

கௌனிலோ இத்தோடு ஜெயித்துவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காட்டியது, இதே அச்சில் வார்த்தால் அபத்தமான முடிவுகளும் வரும் என்பதை. அச்சில் எந்த இடத்தில் கோணல் என்று அவர் தீவு காட்டுவதில்லை. அதோடு, அன்செல்ம் பக்கத்தார் தீவுக்கும் கடவுளுக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தையும் பிடித்துக்கொள்ள முடியும். அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா அதைத்தான் செய்தார். எந்தத் தீவை நினைத்தாலும் அதில் இன்னும் ஒரு மரத்தைக் கூட்டி இன்னும் சிறப்பாக்கலாம். எத்தனை லெட்சி மரம் இருந்தால் ஒரு தீவு இதற்கு மேல் சிறக்க முடியாத தீவு ஆகும்? அதற்கு உச்சம் கிடையாது. ஆகவே 'இதைவிடச் சிறந்ததை நினைக்க முடியாத தீவு' என்பதே பொருந்தாத கருத்து. அறிவு, ஆற்றல், நன்மை ஆகியவற்றுக்கோ உச்சம் உண்டு: எல்லாம் அறிந்த நிலைக்கு மேல் அறிய எதுவும் இல்லை. இந்தப் பதில் முழுக்க ஏற்கத்தக்கதா என்பது வேறு கேள்வி. நன்மைக்கு உச்சம் உண்டு என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் தீவு ஒன்றைக் காட்டிவிட்டு எழுந்து போய்விட முடியாது.

200 ஆண்டுகள் கழித்து வந்த கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும் இந்த வாதத்தை ஏற்கவில்லை. கடவுளின் இயல்பை நாம் நேராக அறிந்திருந்தால் அவர் உண்டு என்பது தானாக விளங்கும், நமக்கு அந்த அறிவு இல்லை, ஆகவே உலகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். மெய்கண்டார் வாழ்ந்த அதே நூற்றாண்டில், ஒருவரை ஒருவர் அறியாமல், இருவரும் ஒரே திசையைத் தேர்ந்திருக்கிறார்கள்.

டெகார்த்தின் முக்கோணமும் ஒரு டோடோவும்

அண்ணன் மகளைப் படுத்திய ரெனே டெகார்த் 1641-இல் இதைப் புது வடிவில் கொண்டுவந்தார். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் வரும் என்பதை முக்கோணத்திலிருந்து பிரிக்க முடியாது. உலகில் முக்கோணமே இல்லாவிட்டாலும் அது உண்மை. அதேபோல, எல்லா நிறைவுகளும் கொண்ட பொருள் என்ற கருத்திலிருந்து இருப்பைப் பிரிக்க முடியாது. ஏனென்றால் இருப்பதும் ஒரு நிறைவு. அன்செல்மைப் போலச் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிவிட்டார்.

அந்த நூலோடு மற்றவர்களின் மறுப்புகளும் சேர்த்து அச்சிடப்பட்டன. முதல் மறுப்பு காத்தெருஸ் என்ற டச்சுப் பாதிரியாருடையது. 'இருக்கும் சிங்கம்' என்று ஒரு கருத்தை உருவாக்குங்கள் என்றார் அவர். அந்தக் கருத்தில் சிங்கமும் உண்டு, இருப்பும் உண்டு. இருப்பை நீக்கினால் அது 'இருக்கும் சிங்கம்' ஆகாது. அதனால் அப்படி ஒரு சிங்கம் எங்காவது இருந்தாக வேண்டுமா என்ன?

சிங்கத்துக்குப் பதில் நான் எங்கள் ஊர்ப் பறவையை வைத்துக்கொள்கிறேன். டச்சுக்காரர்கள் 1638-இல் மொரீசியஸில் குடியேறினார்கள். காத்தெருஸ் எழுதிய அந்த 1641-இல் இங்கே டோடோ உயிரோடுதான் இருந்தது. அதைக் கடைசியாகப் பார்த்ததாகப் பெரும்பாலோர் ஏற்கும் ஆண்டு 1662. இன்று போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம். கொக்கிபோல வளைந்த பெரிய அலகு, உடம்புக்குப் பொருந்தாத குட்டைச் சிறகு, தடித்த கால்கள். எங்கள் நாட்டுச் சின்னத்திலும் அது நிற்கிறது. இப்போது 'உயிரோடிருக்கும் டோடோ' என்று வரையறுக்கிறேன்: அது ஒரு டோடோ, அது உயிரோடு இருக்கிறது. வரையறைப்படி, உயிரோடிருக்கும் டோடோ உயிரோடு இருக்கிறது. இதை மறுத்தால் முரண். ஆனாலும் காட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

எங்கே தவறினோம்? 'உயிரோடிருக்கும் டோடோ உயிரோடு இருக்கிறது' என்ற வாக்கியம், அப்படி ஒன்று இருந்தால் அது உயிரோடு இருக்கும் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த 'இருந்தால்' வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. முக்கோணமும் அப்படியே: முக்கோணம் ஒன்று இருந்தால் அதன் கோணங்கள் இரண்டு செங்கோணம். கடவுளும் அப்படியே: எல்லா நிறைவுகளும் கொண்ட பொருள் ஒன்று இருந்தால், அது இருக்கும். இதை யார் மறுத்தார்கள்? ஒரு கருத்துக்குள் எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். அந்தக் கருத்துக்குப் பொருந்தும் ஒன்று வெளியே உண்டா என்பதை அந்தக் கருத்தால் தீர்மானிக்க முடியாது.

எனக்குத் தெரிந்து, அண்ணன் மகள் கேட்ட அந்த வரியைக் கை வைத்துக் காட்ட இதுவே முதல் நல்ல வழி. அதை ஆழமாக்கியவர் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட்.

நூறு ரூபாய்

இந்த வாதத்துக்கு இருப்பியல் வாதம் என்று பெயர் வைத்தவரே காண்ட்தான். 1781-இல் வெளிவந்த தூய அறிவு பற்றிய தன் பெருநூலில் அவர் சொன்னது இது: இருப்பு என்பது ஒரு பொருளின் பண்புகளில் ஒன்றே இல்லை. உதாரணமாக அவர் காட்டியது, அந்தக் கால ஜெர்மானிய நாணயமான தாலரில் நூறு.

நாம் மொரீசியஸ் நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொள்வோம். வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ரங்கநாதன் சீனிவாசனின் முகம் பதித்தது. தாளில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ் எழுத்து, அதற்கும் கீழே இந்தி. 1998-இல் வந்த தாள்களில் இந்த வரிசை மாறி, தமிழ் கீழே போனது. தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, அடுத்த வருடம் தமிழ் பழைய இடத்துக்குத் திரும்பிய புதுத் தாள்கள் வந்தன. இப்படி அந்தத் தாளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவரிக்கலாம்: நிறம், அளவு, எழுத்து, படம், மதிப்பு. இப்போது அந்த விவரிப்பின் கடைசியில் 'மேலும், இந்தத் தாள் இருக்கிறது' என்று சேர்த்தால், தாளைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்ததா? அது நூற்றொரு ரூபாய் ஆகிவிட்டதா? இல்லை. மனத்தில் இருக்கும் நூறு ரூபாயிலும் சட்டைப் பையில் இருக்கும் நூறு ரூபாயிலும் எண்ணிக்கை ஒன்றேதான். நிஜ நூறில் ஒரு காசு கூடுதலாக இருந்தால், நான் மனத்தில் நினைத்தது அந்த நூறையே அல்ல என்றாகிவிடும்.

கடைக்குப் போனால் வித்தியாசம் தெரியும், உண்மைதான். காண்ட்டும் அதை மறுக்கவில்லை. என் கையிருப்பு நிஜத் தாளால்தான் மாறும் என்கிறார். ஆனால் அந்த வித்தியாசம் கருத்துக்குள் நடப்பது இல்லை. இருப்பு என்பது, முழுதாக விவரிக்கப்பட்ட ஒரு கருத்துக்கு உலகில் பொருந்தும் ஒன்று உண்டு என்று சொல்வது. இது சரியென்றால் அன்செல்மின் ஒரு படி தடுமாறுகிறது. மனத்தில் மட்டும் இருப்பதையும் நிஜத்திலும் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டாவது ஒரு பண்பு கூடுதலாகக் கொண்டதால் மேலானது என்று அவர் ஒப்பிட்டாரே, அங்கே ஒப்பிட இரண்டு பொருள்களே இல்லை. ஒரே கருத்து, அதற்கு வெளியே ஆள் உண்டா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

1884-இல் ஜெர்மானியத் தர்க்கவியலாளர் கோட்லோப் ஃப்ரேகெ இதை எண்ணிக்கையாகவே மாற்றிவிட்டார். ஒன்று உண்டு என்றால், அந்தக் கருத்துக்குப் பொருந்துபவற்றின் எண்ணிக்கை பூச்சியம் இல்லை என்று பொருள். டோடோ என்ற கருத்துக்கு இன்று எண்ணிக்கை பூச்சியம். 1641-இல் பூச்சியம் இல்லை. இரண்டு காலத்திலும் டோடோ என்றால் என்ன என்பதில் ஓர் இறகுகூட மாறவில்லை. மாறியது எண்ணிக்கை. டோடோ அழிந்தபோது அதன் பண்புகளில் ஒன்று குறையவில்லை, அந்தப் பண்புகளைச் சுமக்க யாரும் இல்லாமல் போனார்கள். காண்ட் சொன்னதை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது.

கதை இங்கே முடியவில்லை

பல அறிமுகக் கட்டுரைகள் காண்ட்டோடு நிறுத்திவிடும். அது அன்செல்முக்கு நியாயம் செய்வதாகாது. 'புரோஸ்லோகியோன்' நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: இல்லை என்று நினைக்க முடியாதபடி இருப்பது, இல்லை என்று நினைக்கக்கூடியதைவிட மேலானது. 1960-இல் நார்மன் மால்கம் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, இது தனி வாதம், இதைக் காண்ட்டின் மறுப்பு தொடவில்லை என்று எடுத்துக்காட்டினார்.

வித்தியாசம் இதுதான். எங்கள் தீவு சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பால் கடலுக்கு மேல் எழுந்தது. எழாமலும் போயிருக்கலாம். நீங்களும் நானும் அப்படியே. இருந்தும் இருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் 7-க்கும் 13-க்கும் இடையில் ஒரு பகா எண் உண்டு என்பதைப் பாருங்கள். அது 11. அது இல்லாமல் போயிருக்க வாய்ப்பே கிடையாது. முதல் வகை இருப்பு ஒரு பண்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இல்லாமல் போகவே முடியாத நிலை ஒரு பண்புதானே? அது அந்தப் பொருளின் இயல்பைப் பற்றி ஏதோ சொல்கிறதே? கடவுள் என்றால் இரண்டாம் வகை. தற்செயலாக இருக்கும் கடவுள் கடவுளே இல்லை. இதை நம் சைவரும் வைணவரும் மறுக்கமாட்டார்கள்.

இங்கிருந்து ஒரு முடிவு வரும். இல்லாமல் போக முடியாத பொருள், ஒன்று எல்லா நிலைகளிலும் இருக்கும், அல்லது எந்த நிலையிலும் இருக்க முடியாது. நடுவே 'இருந்திருக்கலாம், ஆனால் இல்லை' என்ற இடம் அதற்குக் கிடையாது. ஆகவே, அப்படி ஒன்று சாத்தியம் என்று மட்டும் ஒப்புக்கொண்டால் போதும், அது இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டதாகிவிடும். பிளாண்டிங்கா 1974-இல் இதைத் தற்காலத் தர்க்கத்தின் மொழியில் எழுதினார். தர்க்கவியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் விதிகளின்படி இந்தப் படிகளில் பிழை இல்லை.

அப்படியானால் எல்லாப் பாரமும் 'சாத்தியம்' என்ற ஒற்றைச் சொல் மேல் வந்து இறங்குகிறது. இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் வழுக்குகிறார்கள். 'கடவுள் இருக்கலாம், யாருக்குத் தெரியும்' என்று சாதாரணமாகச் சொல்வோமே, அந்த 'இருக்கலாம்' இங்கே செல்லாது. ஒரு கணக்கைப் பாருங்கள். 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டாக எழுதலாம் என்று 1742-இல் கோல்ட்பாக் ஊகித்தார். 10 என்றால் 3-உம் 7-உம். இது இன்றுவரை நிறுவப்படவும் இல்லை, உடைக்கப்படவும் இல்லை. 'உண்மையாக இருக்கலாம்' என்கிறோம். ஆனால் கணிதத்தில் தற்செயல் கிடையாது: அது உண்மையென்றால் பொய்யாக இருந்திருக்கவே முடியாது, பொய்யென்றால் உண்மையாக இருந்திருக்கவே முடியாது. நம் 'இருக்கலாம்' நம் அறியாமையைச் சொல்கிறது. கணக்கின் சாத்தியத்தைச் சொல்லவில்லை. கடவுள் விஷயத்தில் பிளாண்டிங்கா கேட்பது நம் அறியாமையைச் சொல்லும் 'இருக்கலாம்' இல்லை, கணக்கில் உள்ளது போன்ற நிஜமான சாத்தியம். அதை எளிதில் கொடுத்துவிட முடியாது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதையே திருப்பலாம். 'இல்லாமல் போக முடியாத அந்தப் பொருள் இல்லாதிருப்பது சாத்தியம்' என்று தொடங்குங்கள். அதே விதிகளின்படி, அது இல்லை என்ற முடிவு வரும். இரண்டு தொடக்கங்களும் கேட்பதற்கு ஒரே அளவு அடக்கமாக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. எதைத் தேர்வது என்று இந்த வாதமே சொல்லாது. பிளாண்டிங்கா இதை மறைக்கவில்லை. தன் வாதம் கடவுளை நிரூபிக்கிறது என்று அவர் கோரவில்லை. கடவுளை ஏற்பது அறிவுக்கு ஒவ்வாத செயல் இல்லை என்று காட்டுகிறது என்றார். அது சின்ன விஷயம் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் நம்பாத ஒருவரை இது நகர்த்தும் என்று நான் நினைக்கவில்லை. கடவுள் சாத்தியம் என்று இந்த அழுத்தமான பொருளில் ஒப்புக்கொள்ள ஒருவருக்கு வேறு எங்கிருந்தாவது காரணம் கிடைக்க வேண்டும்.

ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த இடத்தைக் கண்டுகொண்டார். டெகார்த்தின் வாதம் தவறில்லை, முடிவு பெறாதது. எல்லா நிறைவுகளும் ஒரே பொருளில் முரணின்றிச் சேர்ந்திருக்க முடியும் என்று முதலில் காட்ட வேண்டும் என்றார். அதைக் காட்ட அவரே ஒரு நிறுவலை எழுதி, 1676-இல் ஹேக் நகரில் தத்துவவாதி ஸ்பினோசாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

அதை மறுபடி கையில் எடுத்தவர் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் தர்க்கவியலாளர்களில் ஒருவரான குர்ட் கேடல். லைப்னிட்ஸ் விட்ட இடத்தில் தொடங்கி, 'நேர்மறைப் பண்பு' (குறை கலவாத நல்ல பண்பு) என்ற ஒன்றைப் பற்றிச் சில எடுகோள்கள், அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகள், வைத்து, அவற்றிலிருந்து கடவுளின் சாத்தியத்தையும் பிறகு இருப்பையும் வரவழைத்தார். 1970-இல் அதைத் தர்க்கவியலாளர் டேனா ஸ்காட்டிடம் காட்டினார். வெளியிடவில்லை. கேடல் 1978-இல் இறந்தார்; அச்சில் வந்தது 1987-இல். 2013-இல் கணினி அறிவியலாளர்கள் கிறிஸ்டோஃப் பென்ஸ்முல்லரும் புரூனோ வோல்ட்சன்லோகல் பலேயோவும் ஸ்காட் எழுதி வைத்த வடிவத்தைக் கணினியில் ஏற்றிச் சரிபார்த்தார்கள். கணினி கடவுளை நிரூபித்துவிட்டது என்று அப்போது செய்தித் தலைப்புகள் வந்தன. கணினி பார்த்தது எடுகோள்களிலிருந்து முடிவு ஒழுங்காக வருகிறதா என்பதை மட்டும்தான். எடுகோள்கள் உண்மையா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. இன்னொன்றும் வெளிப்பட்டது: கேடலின் கையெழுத்துப் படியில் இருந்த எடுகோள்கள் தமக்குள்ளேயே முரண்பட்டன. ஸ்காட்டின் வடிவத்தில் அந்த முரண் இல்லை.

அந்த வடிவத்துக்கும் ஒரு தொல்லை உண்டு. அதை 1987-இலேயே தத்துவவாதி ஜோர்டன் ஹோவர்ட் சோபல் சுட்டிக்காட்டியிருந்தார். கேடலின் எடுகோள்களை ஏற்றால், உண்மையாக இருக்கும் எல்லாமே உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. இன்று காலை எங்கள் தீவின் கியூர்பிப் நகரில் மழை பெய்ததென்றால், பெய்யாமல் இருந்திருக்க வழியே இல்லை. கடவுள் விரும்பிப் படைத்தார் என்று நம்புபவருக்கே இது ஏற்காது. படைக்காமலும் இருந்திருக்கலாம் என்பது அந்த நம்பிக்கையில் அடங்கியது அல்லவா? 1990-இல் தத்துவவாதி அந்தோணி ஆண்டர்சன் எடுகோள்களைக் கொஞ்சம் தளர்த்தி, இந்த விளைவு வராதபடி ஒரு வடிவம் கொடுத்தார். தளர்த்திய எடுகோள்கள் உண்மை என்று எதைக் கொண்டு சொல்வது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. தர்க்கவியலாளர்கள் இப்போது வேலை செய்துகொண்டிருப்பது அங்கேதான்.